நம்பர் அக்காவும் நாலு இலக்கமும்

கடைத்தெரு முனையில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும் ஒரு கடை. செல்போன் கணக்கில் பணம் போட்டும் எடுத்தும் தரும் ஏஜெண்டாக அதில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நம்பர் அக்கா. ரகசிய எண் என்று கம்பெனி பேர் வைத்ததைத் தெருவே அவளிடம் ஒப்படைத்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மறதிக்காரர்கள், வெறும் சோம்பேறிகள் என்று அறுபது பேருடைய நாலு இலக்கம் அவளுக்கு மனப்பாடம். சொந்தக் கல்யாண நாளைக் கேட்டால் மட்டும் யோசிப்பாள்.

அப்புறம் விதி வந்தது. வேறொரு ஊரில் ஏஜெண்டு ஒருவன் இப்படித் தெரிந்துகொண்ட எண்களை வைத்தே ஏழைகளின் கணக்கை வழித்துத் துடைத்துவிட்டானாம். இனி ஏஜெண்டுக்கு யாருடைய எண்ணும் தெரியக் கூடாது. தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். நியாயமான விதிதான், வாய் திறந்து குறை சொல்ல முடியாது. அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு, "சரிக்கா, நீயே போடு" என்று போனை நீட்டினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியின் ஆய்வாளர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து ஆபீசில் மாடிப்படி துடைக்கும் அம்மா ஓடி வந்தாள். அவளுடைய அண்ணன் லாரியில் அடிபட்டுக் கிடந்தார். மதியத்துக்குள் பணம் கட்டினால் ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றிவிடலாம். நாலு வருஷச் சேமிப்பு போனில் இருந்தது.

"அக்கா, சீக்கிரம் நம்பரப் போடு."

"நீங்களேதான் போடணும்மா."

"எனக்கெங்க தெரியும்? உங்கிட்டதானே குடுத்து வச்சிருக்கேன்."

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். எண் அக்காவின் நாக்கு நுனியில் நின்றது. வேலை போன கணவன், காலேஜில் மகள், எல்லாம் அந்த லைசென்ஸை நம்பித்தான்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தபடி ஏதோ நாலைத் தட்டினாள். தப்பு. இன்னொரு நாலு. அதுவும் தப்பு. மூன்றாவது தப்பில் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. போனைப் பிடித்தபடியே அந்த அம்மா தெருவில் இறங்கி ஓடினாள். 'விதிகள் முறையாகப் பின்பற்றப்படுகின்றன' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆய்வாளரும் கிளம்பினார். அக்காவுக்கு அழுகை வரவில்லை. வருத்தம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஆளுக்கு ரசீது கிழித்துக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா வந்தாள். கம்பெனி ஆபீசுக்கே போய்ப் புது எண் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி உட்கார வைத்துப் பழக்கியிருந்தாள்.

"அண்ணனுக்கு எப்படிம்மா இருக்கு?"

"முழங்காலோட எடுத்துட்டாங்க."

அவள் போனை நெஞ்சோடு அணைத்து, இடது கையால் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்றாள், ஒன்பது வருஷமாக 'நீ' என்றே பேசியவள்.

விதி சொன்னபடியே அக்கா சுவரைப் பார்த்தாள்.