கறிக்கடையில் ஒரு கொலைக்கதை

கள்ளக்குறிச்சியில் நான் கறி வாங்கும் கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியில் எப்போதும் ரத்தம் தெறித்திருக்கும். கொலைக்கதை என்றால் அவருக்கு உயிர். படித்து முடித்த தாளைக் கிழித்துத்தான் கறி மடிப்பார். "நீங்க இன்னா படிக்கிறீங்க?" என்று எல்லோரையும் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கையிலிருந்த நாவலைப் பார்த்த ஒருவர், "இதுல டாக்டர்தான் கொலைகாரன்" என்றார். அடுத்த நொடி, சொன்னவரின் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"ஒரு வாரமா ஆசையா படிச்சிக்கினு கீறேன், போட்டு ஒடைச்சிட்டியேடா!"

நாலு பேர் சேர்ந்து விலக்கினோம். மூச்சு வாங்கியபடியே, மிச்சப் பக்கங்களைக் கிழித்து நான் கேட்ட ஈரலைச் சுற்றினார்.

"இனிமே எனக்கு எதுக்குங்க?"

வீட்டில் அந்தத் தாள்களில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் படித்தேன். கொலைகாரன் டாக்டர் இல்லை, செத்தவனின் தம்பி.

அடுத்த வாரம் அதைச் சொல்லத்தான் போனேன். அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அரைக்கிலோ மட்டும் கேட்டேன்.