சேத்தாண்டி மாமா

எங்கள் அப்பாவுக்குச் சேறு ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது, இவருக்குச் சேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற பீர்மேட்டு மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவருக்கு உத்தியோகம். வாசலைத் தாண்டினாலே சேறுதான். அங்கே நீலம் போட்டு வெளுத்த சட்டையோடு, பூட்ஸில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல் போய்வர அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மதுரை டவுனில் வளர்ந்தவர். எங்கே போனாலும் முதலில் கைக்குட்டை உட்காரும், அதன் மேல்தான் அவர் உட்காருவார். விளையாடிவிட்டு நான் ஓடிவந்தால் மூக்குக் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்து, கையை நீட்டித் தடுத்து, அங்கேயே நில் என்பார். கைகால் கழுவி, துடைத்து, அம்மா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அவர் பக்கத்தில் போகலாம். அதற்குள் எனக்கு அவர் மடியில் உட்காரும் ஆசையே போய்விடும்.

எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. கண் திறக்காமல் கிடந்தேனாம். அம்மா பயந்துபோய், தான் பிறந்த ஊரான வீரபாண்டியில் இருக்கிற கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். என்ன நேர்ந்தாள் என்பது நான் பிழைத்து எழுந்து, சித்திரைத் திருவிழாவுக்குக் கிளம்பும்போதுதான் வெளியே வந்தது. பிள்ளை பிழைத்தால் பிள்ளையின் அப்பா சேத்தாண்டி வேஷம் கட்டி வருவார்!

வேஷம் என்றதும் பட்டும் கிரீடமும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆற்றங்கரைச் சேற்றை எடுத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்பிக்கொண்டு, இடுப்பில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு, கொட்டுக்கு ஆடியபடி தெருவழியே கோயிலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேஷம். அம்மாவின் நியாயம் ரொம்பச் சுலபமானது. எதைக் கொடுக்க மனசு வராதோ அதைத்தானே ஆத்தாவுக்குச் சொல்ல முடியும்? ஆனால் கொடுக்க வேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உலக யுத்தம் நடந்த காலம் அது, பெட்ரோல் கிடைக்காது. கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் குமுளியிலிருந்து இறங்கி வந்தோம். மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"நேந்தது நீ. என்னயக் கேட்டா நேந்த? எத்தன பானை பொங்கல் வேணாலும் வையி. சேத்துல மட்டும் என்னய எறக்காத."

அம்மா சண்டை போட்டிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சாப்பிடாமல் என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, என் கை, கழுத்து, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள். கொசு கடித்து ஓரிடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சொன்னதைச் செய்யாவிட்டால் ஆத்தா என்னைத் திரும்பக் கேட்பாள் என்று அவள் நிசமாகவே நம்பினாள்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், நல்ல மனுஷன். மச்சானுக்குப் பதிலாகத் தானே வேஷம் கட்டுவதாகச் சொன்னார். "நான் சொன்னது அவுகளத்தான்ணே" என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஆனாலும் வேறு வழியில்லை. மறுநாள் காலையில் மாமா என்னிடம் தான் ஆடப்போவதாகவும், குளித்து எழும்வரை பேசக்கூடாது என்பதால் நான்தான் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கூட்டத்துக்கு முன்னாலேயே குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டோடு புறப்பட்டுப் போனார். அவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தை என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனபோது அங்கே ஒரு கூட்டமே சேறாக நின்றது. மூக்கும் முழியும் தெரியவில்லை. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள். இதில் மாமாவை எங்கே தேடுவது? அத்தை கொஞ்ச நேரம் திகைத்துப்போய் நின்றாள். அப்புறம் சிரிப்பை அடக்க முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒல்லியாக நின்ற ஒரு சேற்று ஆளைக் காட்டினாள்.

"அந்தா, அங்கன நிக்கிறாக பாரு. போயிக் கையப் பிடிச்சுக்க ஆத்தா."

போய்ப் பிடித்துக்கொண்டேன். சேறு பூசினால் ஆள் இளைத்துப்போவார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நடக்க ஆரம்பித்ததும் அதைவிடப் பெரிய சந்தேகம். சித்திரை வெயிலில் மணல் கொதித்தது உண்மைதான். அதற்காக மாமா இப்படியா துள்ளுவது? ஒரு காலை வைத்ததும் மறு காலைத் தூக்கினார். வழியில் கிடந்த கல்லில் இடித்துக்கொண்டார். பந்தல் கயிற்றில் போய் முட்டினார். பிறந்து வளர்ந்த ஊரில் கண் தெரியாதவர்போல என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பெருத்த அவமானமாகப் போயிற்று.

"காலு சுடுதா மாமா? ஒழவு ஓட்டுற காலுக்கா சுடுது?"

பதில் இல்லை. பேசக்கூடாது அல்லவா? பதில் பேசாத ஆள் கிடைத்தால் எனக்குக் கொண்டாட்டம். மலையில் நான் வளர்த்த கோழி, அட்டை கடித்தது, கசப்பு மருந்து என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நடந்தேன். கொட்டுக்காரர்கள் முன்னால் போக, தெருவில் இருபக்கமும் பெண்கள் எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் பட்டதும் மாமா ஒரு பெருமூச்சு விட்டார். பாவமாக இருந்தது. எங்களுக்காக இத்தனை பாடுபடுகிறாரே என்று மனசு பொங்கியது.

"நீங்க நல்லவுக மாமா. எங்க அப்பாவுக்கு என்னய விடச் சட்டதான் பெருசு. அழுக்காயிரும்னு தூக்கவே மாட்டாக."

மாமா அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்கள் மேல் மோதிச் சத்தம் போட்டார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம்தான் அந்தக் கூத்து. அதுவரை நடந்து வந்த மாமா திடீரென்று ஆடத் தொடங்கிவிட்டார். ஆட்டமா அது! கொட்டு ஒரு பக்கம் போனால் கால் ஒரு பக்கம் போனது. கையை எதற்கு வீசுகிறோம் என்று அவருக்கே தெரியாது. தெருவில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் நிறுத்தவே இல்லை. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். என் பாவாடை முழுக்கச் சேறு. எனக்கு வெட்கமெல்லாம் போய்ச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோயில் வாசலில் நின்ற அம்மா எங்களைப் பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா வரவில்லையே என்று அழுகிறாள் என்று நினைத்து, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். முந்தி முடிச்சில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கமர்கட்டா என்று கேட்டதற்கு, தொடாதே, உடைந்துவிடும் என்று கையைத் தட்டிவிட்டாள்.

எல்லாரும் ஆற்றில் குளித்து வந்தபோது அப்பாவும் ஈரத் தலையோடு வந்து நின்றார். அம்மா முடிச்சை அவிழ்த்து அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். கமர்கட்டு இல்லை என்றானதில் எனக்கு ஏமாற்றம்.

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் காதில் விழும்படி, "மாமாவுக்கு ஆட்டந்தான் வரல. ஆனா நல்லா வந்தாக" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா லேசாகத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

"ஆமா ஆத்தா, எனக்கு ஆட்டம் வராது" என்றார் மாமா.

சாயங்காலம் பஸ்ஸில் அப்பா கைக்குட்டை விரிக்காமலே உட்கார்ந்தார். சேறு காய்ந்த பாவாடையோடு நின்ற என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது.

"சட்ட அழுக்காயிரும்ப்பா."

"ஆகட்டும்."

அவர் கழுத்தில் முகத்தை வைத்தபோது ஆற்றுச் சேறும் வேப்பிலையும் கலந்த வாடை அடித்தது. மாமாவின் தோளில் அடித்த அதே வாடை. வீரபாண்டிக்கு வந்தால் எல்லார் மேலும் இது ஒட்டிக்கொள்ளும்போல என்று நினைத்துக்கொண்டேன். மாமாவே எனக்கு அப்பாவாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றும் நினைத்தபடி, அவர் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனேன்.