இஸ்திரிப் பெட்டியில் நீலமான மணிகள்

ஐப்பசி மழை நாளொன்றில், எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஒரு மனிதரைப் போட்டு அடித்தார்கள். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். அலறல் கேட்டு மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். ஒடிசாவிலிருந்து வந்து பெட்டி கட்டும் தொழிலாளி தரையில் சுருண்டு கிடந்தார். வாயெல்லாம் ரத்தம். லோடுமேன்கள் சுற்றி நின்று மிதித்தார்கள். பேக்கிங் மேனேஜர் பெல்ட்டைக் கையில் சுற்றியிருந்தார்.

"நீல மணிய வித்துப்போட்டு ரோஸ் மணிய வெச்சிருக்கறானுங்க மேடம், திருட்டு நாயி!" என்றார் என்னிடம்.

துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் போடும், ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்கள் அவை. காலையில் நீலமாக இருந்தவை சாயங்காலம் ரோஸாகிவிட்டன. லாரி வரும் வரும் என்று நாள் முழுக்க மழையிலும் ஷட்டரைத் திறந்து வைத்ததே இந்த மேனேஜர்தான்.

அந்த மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது. கோபால்ட்டைக் குளோரின் சூழ்ந்திருக்கும்வரை நீலம். ஈரம் பட்டால் தண்ணீர் மூலக்கூறுகள் முண்டியடித்து வந்து குளோரினை வெளியே தள்ளும். மேலே, கீழே, நாலு பக்கமும் என ஆறு மூலக்கூறுகள், ஆக்சிஜன் முனையை உள்ளே நீட்டிக் கோபால்ட்டை வளைத்துக்கொள்ளும். நிறம் ரோஸாகும். அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்தாலும் இதே கதைதான். சூடு கண்டால் அந்த ஆறு மூலக்கூறுகளும் ஓடிவிடும், மறுபடி நீலம். கல்லூரியில் நானே செய்து பார்த்தது.

இதைச் சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? அடுத்த உதை அவர் விலாவில் விழுந்தது. அயர்னிங் டேபிளில் கொதித்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இன்னொரு அடி உழுந்துச்சு, இது உங்க மூஞ்சிலதானுங்க!"

அந்த வெறியிலும் மரியாதை மட்டும் வாயைவிட்டுப் போகவில்லை. எல்லோரும் விலகினார்கள். இஸ்திரிப் பெட்டியைத் தகடு மேலே வரக் கவிழ்த்து வைத்து, ஒரு பொட்டலத்தைக் கிழித்து, ரோஸ் மணிகளைச் சூடான தகட்டின்மேல் கொட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. பிறகு ஓரத்து மணி ஒன்று ஊதாவாகி, நீலமானது. பின்னாலேயே மற்றவையும்.

மேனேஜர் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டார். மிதித்தவர்கள் தோளோடு தோள் உரசி இஸ்திரிப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அட! இன்னொருக்கா பண்ணுங்க மேடம்!" என்று சிரித்தார் ஒருவர்.

அடிபட்டவர் சுவரைப் பிடித்து எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். ஒருவரும் வழிவிடவில்லை.