நூற்றுப் பன்னிரண்டில் கொதித்த தண்ணீர்

போன வாரம் எங்கள் வீட்டில் கீசர் மாட்ட வந்தவர், அதன் நெற்றியில் ஒளிர்ந்த எண்ணைக் காட்டி, "அம்பத்தஞ்சு காட்டுதுல்ல மேடம், நம்பிக் குளிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு எண்ணை நம்பி நான் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும்?

ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்த கையோடு, 2002இல், தேனிக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஈர நூலும் சோடாவும் நீராவியும் கலந்த வாசனை அங்கே எப்போதும் நிற்கும். இன்றும் ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி படும்போது அதில் கொஞ்சம் எழுந்து வரும்; கூடவே பாய்லர்காரர் மலைச்சாமி அண்ணனின் முகமும்.

சேர்ந்த புதிதில் அவருக்கு நான் பாடமே எடுத்திருக்கிறேன். "வெப்பம் வேற, வெப்பநிலை வேறண்ணே. டம்ளர் தண்ணியும் அண்டாத் தண்ணியும் எண்பது டிகிரியில இருந்தாலும், அண்டாவுலதான் வெப்பம் அதிகம்."

அவர் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அதான் அண்டாவுக்கு வெறகு கூடக் கேக்குது. இதுக்கா தாயி மூணு வருசம் படிச்சீக?"

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால், சேலைக்கான அரக்கு நிற நூல் பெரிய ஆர்டராக வந்தது. அந்தச் சாயம் எண்பது டிகிரியில்தான் நூலைப் பிடிக்கும். தொட்டியில் செருகியிருந்த வட்டமுக வெப்பமானியில் முள் எண்பதைத் தொட்டதை என் கண்ணாலேயே பார்த்துக் குறித்தேன். ஆனால் அலசியபோது சாயம் பாதி தண்ணீரோடு போய்விட்டது. நூல் வெளிறிய செங்கல் நிறத்தில் கிடந்தது.

முதலாளி பாய்லர் பக்கம் திரும்பினார். "தூங்கிட்டியாய்யா? நீராவி ஒழுங்கா வரல. கணக்க முடிச்சுக்கிட்டு நாளைக்கே கெளம்பு."

"பிரஷர் சரியாத்தான்யா இருந்துச்சு" என்றார் மலைச்சாமி அண்ணன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளைக்கு முன்னால் அந்த வெப்பமானி என் கையிலிருந்து நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தது. கண்ணாடி உடையவில்லை என்று துடைத்து மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் என்னோடு இருந்த உத்தமபாளையத்து சபூராவிடம் மட்டும் அன்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "கொதிக்கிற தண்ணி பொய் சொல்லாதுல்லக்கா? வாங்க, எதுத்த டீக்கடைக்கு."

டீக்கடையில் வெந்நீர்ச் சட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெப்பமானியை உள்ளே விட்டோம். முள் நூறில் நிற்காமல், அதையும் தாண்டி நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது.

"நூறுலதான கொதிக்கணும்?" என்றாள் சபூரா.

டீ மாஸ்டருக்கு ஒரே பெருமை. "நம்ம கடைத் தண்ணி பன்னண்டு டிகிரி கூடப்பா!"

விழுந்ததில் முள் பன்னிரண்டு டிகிரி தள்ளிப் போயிருக்கிறது. அப்படியென்றால் எண்பது என்று நான் குறித்த தொட்டி, அறுபத்தெட்டில்தான் நின்றிருக்கிறது. நூலை வெளிற வைத்தது மலைச்சாமி அண்ணன் இல்லை, நான்தான். முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி என்னையும் வெப்பமானியையும் மாறி மாறிப் பார்த்தார்.

கணக்கு முடிக்க வந்து நின்ற மலைச்சாமி அண்ணன்தான் பேசினார்: "உயரத்துலருந்து விழுந்திருக்குல்ல. அதான்யா அதுக்குக் காய்ச்சல் கூடிருச்சு."

முதலாளிக்கே சிரிப்பு தாங்கவில்லை. "மொதல்ல நூலப் பாருங்க. அப்புறம் உங்கள வச்சுக்கிறேன்" என்று போய்விட்டார்.

வேறொரு வெப்பமானியை வாங்கி, அதையும் டீக்கடைத் தண்ணீரில் சோதித்துவிட்டு, அதே நூலுக்கு மறுபடி சாயம் ஏற்றினோம். சூட்டை மெல்ல மெல்லக் கூட்டி எண்பதில் நிறுத்தி, நானும் சபூராவும் மலைச்சாமி அண்ணனும் தொட்டியைச் சுற்றிக் காவல் நின்றோம். அலசிய தண்ணீர் தெளிந்து ஓடியது. நூல் கெட்டியான அரக்கு நிறத்தில் மினுங்கியது. சபூரா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சுடிதாரும் அரக்கானது. மறுநாள் மலைச்சாமி அண்ணன் சொந்த ஊரான சுருளிப்பட்டியிலிருந்து ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்து, "காய்ச்சக்காரிக்கு முதல்ல குடுங்க" என்றார். அந்தப் பெயர் நான் வேலையை விடும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

பட்டறையை மூடி வருடங்களாகிவிட்டன. புகைபோக்கியை இடித்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன தையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மாவிடம், "இங்கனதான் ஒரு பெரிய பாய்லர் இருந்துச்சு" என்றேன்.

"அப்படியா?" என்றவர், "பாயசம் இன்னும் நம்ம பக்கம் வரலையே" என்று எட்டிப் பார்த்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன்.