கடை இட்லியை நிறுத்திய மாதம்

மாதக் கடைசி வந்தால் போதும், என் வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்ததில் எவ்வளவு போயிற்று என்று வாசிக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் சமைத்தால் இதில் பாதிகூட ஆகாதே என்பார். நல்ல மனுஷன்தான், சண்டைக்கு நிற்கிறவர் இல்லை. ஆனால் நான் அப்போதுதான் ரயிலில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்திருப்பேன். வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. அதோடு, எனக்கு இது பழைய பேச்சு. திருவொற்றியூரில் நான் மூன்றாவது படிக்கும்போதே எங்கள் வீட்டில் பேசி முடித்த பேச்சு.

அப்போதெல்லாம் காலையில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது. அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டினார். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் சாலையில் வரிசையில் போய் நின்றால், எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்குத் துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். வேனை விட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் தூக்கை எடுத்துக்கொண்டு இட்லிக்கார அக்காவிடம் ஓடுவது என் வேலை. தூக்கில் சாம்பார், இலையில் இட்லி. தின்றுவிட்டு இலையைக் கடாசினால் தீர்ந்தது. தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். பெரியப்பா வந்து சொல்லும்வரை, இது தப்பு என்று எங்களுக்குத் தெரியாது.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாங்கள் வாங்கி வைத்த இட்லியையும் வடகறியையும் வயிறு முட்டச் சாப்பிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் ஆரம்பித்தார்.

“தெனம் கடையில வாங்கித் துன்னுகினு இருந்தா, நீ எப்போடா வூடு கட்டுவே?”

பெரியப்பாவுக்குச் சொந்த வீடு. அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து அரிசிக்கு இவ்வளவு, உளுந்துக்கு இவ்வளவு, கேஸுக்கு இவ்வளவு என்று விரல்விட்டுக் கூட்டினார். “அடேயப்பா, இம்மாம் மிச்சமாவுதே!” என்று அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. நாளையிலிருந்து கடை இட்லி கிடையாது என்றார்.

“தண்ணி யாரு அடிக்கிறது?” என்று மட்டும் அம்மா கேட்டாள்.

“தண்ணிக்கு இன்னா, காசா பணமா? அது சும்மாதானே வருது!”

உண்மைதான், சும்மாதான் வந்தது. சமையலறை மூலையில் ஓர் அடிபம்பு. விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் அதில் தண்ணீர் ஏறும். தெருவே எழுந்து அடிக்க ஆரம்பித்தால் வெறும் காற்றுதான். முந்தி எழுந்தவளுக்குக் குடம் நிறையும், பிந்தியவளுக்குக் கை வலிதான் மிச்சம். கடை இட்லிக்குக் கழுவ ஒன்றும் கிடையாது. வீட்டு இட்லிக்கோ கிரைண்டர், மாவுக் குண்டான், இட்லிப் பானை, தட்டு, துணி, சட்னி அரைத்த ஜார் என்று ஒவ்வொன்றும் தண்ணீர் கேட்டது. அம்மா எழும் நேரம் நாளுக்கு நாள் முன்னே போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் மாவு வேலை. அப்பா தனக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டார். லாரி ஓட்டுகிறவன் ரோட்டில்தானே சாப்பிட முடியும்?

எனக்கோ கொண்டாட்டம். சுடச்சுட இட்லி, ஞாயிறானால் முறுகல் தோசை. ஒரே ஒரு குறை, தலை பின்னும்போது அம்மாவின் கை பாதியில் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் கண் மூடியிருப்பாள். உலுக்கி எழுப்பி மீதியைப் பின்னச் சொல்லுவேன். ஒருநாள் இட்லிக்கார அக்கா என்னைத் தெருவில் நிறுத்தி, “இன்னாமே, உங்கம்மா எம்மேல கோச்சிக்கினுகீதா? உன்ன இந்தப் பக்கமே காணோம்?” என்றாள். எங்கள் வீட்டிலேயே சுடுகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். “ஐயே, பாவம்மே உங்கம்மா” என்றாள் அவள். வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முடிவதற்குள், கம்பெனியில் தையல் மெஷின் ஊசி அம்மாவின் இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். வலிக்கு ஓர் அட்டை மாத்திரை கொடுத்து, காயம் ஆறும்வரை வேலைக்குப் போகக் கூடாது என்று அனுப்பினார்கள். எப்படி ஆயிற்று என்று எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தெரியவில்லை என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா பயந்துபோய்விட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலையில் தூக்கை எடுத்துக்கொண்டு அவரே இட்லிக்காரியிடம் போய் நின்றார். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தாள். மத்தியானமும் எழவில்லை. சாயங்காலம் வெறும் காப்பி குடித்துவிட்டு மறுபடியும் படுத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியேதான். பகலில் அம்மா படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஆனாலும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

“மாத்திரை மயக்கம்டா கண்ணு. டாக்டரு பவரா குடுத்துக்கீறாரு. எழுப்பாதே” என்றார் அப்பா. பார்க்க வந்த பெரியப்பாவும் ஆமாம், அந்த மாத்திரை அப்படித்தான் ஆளை அடிக்கும் என்றார்.

காயம் ஆறி அம்மா மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில், அலமாரியிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்து, குப்பையில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். எந்த மாத்திரையும் குறையவில்லை. அட்டை ஓர் இடத்தில்கூடப் பிரிபடாமல் இருந்தது.

“இன்னாம்மா, ஒண்ணுகூட முழுங்கலியா?”

“வலி தெரியலடி” என்று சொல்லிக்கொண்டே வேனைப் பிடிக்க ஓடினாள்.

பாவம், என்னைப் போலவே அம்மாவுக்கும் மாத்திரை என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று, அந்த அட்டையைக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளி, மேலே இட்லி இலைகளைப் போட்டு மூடினேன்.