மாடிக்கு ஒரு முகவரி

எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக ஓடும். யுத்த காலத்தில் கண்டி நகரில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் இணைய இணைப்பையும் கவனித்து வந்தேன். கோபத்துக்குக் குறைவே இருக்கவில்லை.

ஒருநாள் பொலிஸார் வந்தார்கள். ஓர் அரச அலுவலகத்துக்கு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்ததாம். அது கிளம்பிய இணைய முகவரி எங்கள் கட்டடத்துடையது. கீழே தொலைபேசிக் கடை, நடுவில் என் வகுப்பு, மேலே வெளிநாட்டு வேலை முகவர் அலுவலகம். எல்லாக் கணினிகளும் ரூட்டர் வழியாக ஒரே முகவரியில்தான் வெளியே போய் வந்தன. ஊர் முழுக்க ஒரே அடையாள அட்டையைக் காட்டித் திரிவது போன்ற ஏற்பாடு. யார் அனுப்பியது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. பொலிஸாருக்கு மட்டும் அதில் சந்தேகமே இருக்கவில்லை. நேராக என் வகுப்புக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் மூவரைக் கூட்டிப் போனார்கள். பின்னேரம்தான் விட்டார்கள்.

கட்டடச் சொந்தக்காரர் அக்குறணை ஊர்க்காரரான ஹாஜியார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"டீச்சர், நமக்கேன் இந்தக் கரச்சல்? அந்தப் புள்ளைகள கொஞ்ச நாளைக்கு வர வாணாமெண்டு சொல்லுங்களே."

"நான் சொல்ல மாட்டன், ஹாஜியார். போயா லீவுக்குக் கட்டடம் பூட்டுத்தானே? திறப்பை என்னட்டைத் தாங்கோ."

இணைப்புத் தந்த நிறுவனம் எங்களுக்கு, வெளியே தெரியும் பொது முகவரிகள் பலவற்றைக் கொடுத்திருந்தது. ஒன்றை மட்டும் பாவித்துவிட்டு மற்றவற்றைச் சும்மா போட்டு வைத்திருந்தோம். போயாவன்று ரூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவசரத்தில், எந்தக் கணினியும் எதையும் எடுக்கும்படி எல்லா முகவரிகளையும் ஒரே கூட்டாகப் போட்டுவிட்டேன். சோதித்தால், மேல்மாடிக் கணினி விட்ட முகவரியைக் கொஞ்ச நேரத்தில் வகுப்புக் கணினி எடுத்துக்கொள்கிறது. இருந்ததைவிட மோசம். வேறொரு மாடியில் எவனோ செய்ததற்கு என் பிள்ளைகள்தான் மறுபடியும் ஜீப்பில் ஏற வேண்டியிருக்கும். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். மாடிக்கு மாடி உள் முகவரிகளைப் பிரித்து, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பொது முகவரியைக் கட்டிப் போட்டேன். பிறகு படி ஏறி இறங்கி, ஒவ்வொரு கணினியும் வெளியே எந்த முகவரியில் தெரிகிறது என்று பார்த்தேன். சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நாளைக்கு வகுப்புக்கு வாங்கோ."

"அவங்கள் திரும்ப வந்தால், டீச்சர்?"

"வரட்டும்."

வந்தார்கள். அதே மாதிரி இன்னொரு மின்னஞ்சல். அவர்கள் கொண்டுவந்த முகவரியை ரூட்டரில் இருந்ததோடு ஒப்பிட்டு அதிகாரிக்குக் காட்டினேன். அது மேல்மாடியுடையது. நிச்சயமா என்று சிங்களத்தில் கேட்டார். மேலே போய் எந்தக் கணினியில் வேண்டுமானாலும் நீங்களே பாருங்கள் என்றேன்.

போனார்கள். இறங்கும்போது மேலே வேலை செய்த ஒருவனையும் கூட்டி வந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அதிகாரி வகுப்பு வாசலில் நின்று என் அடையாள அட்டையைக் கேட்டு, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதை வாசித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறக்கும் முன்பே மூவரும், வடக்கிலிருந்து வந்தவர்கள் எப்போதும் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டார்கள்.

"எடுக்க வேண்டாம். வேலையைப் பாருங்கோ" என்றேன், அவருக்கும் கேட்கும்படி.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை இன்னும் அவர் கையில். அப்போது ஹாஜியார் வந்து, தான் அதிகாரியோடு வெளியே நின்றுகொண்டு, எங்களை உள்ளே விட்டு வகுப்புக் கதவைச் சாத்தினார்.