ஆப்பிரிக்கா இட்லி

சித்தி அந்த ரொட்டியை முதல்முறை செய்து கொடுத்தபோது, அப்பா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, இட்லிக்கு சக்கர போட்டுட்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஆப்பிரிக்கா இட்லி என்று பெயர். சித்தி மட்டும் ஊத்தற ரொட்டி என்பாள். தார் எஸ் சலாமில் அதற்கு வழங்கும் பெயருக்கு அதுதான் அர்த்தமாம். பிசைவதும் தேய்ப்பதும் கிடையாது. மாவைக் கரைத்து ஊற்ற வேண்டியதுதான்.

சித்தப்பா டான்சானியாவில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணமானதும் அங்கே போன சித்தி, எனக்குப் பத்து வயதானபோது தனியாகத் திரும்பி வந்தாள். ஒரகடம் பக்கத்திலிருந்த எங்கள் கூட்டுக் குடும்ப வீட்டில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் சித்தப்பாவும் வந்துவிடுவார் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது, இனி வரமாட்டார் என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிள்ளையும் இல்லாத, புருஷனும் கூட இல்லாத சின்ன மருமகளை எங்கே வைப்பது என்பதுதான் அந்த ஆடி மாதம் முழுக்க பெரியவர்களின் பேச்சு. வாலாஜாபாத்தில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. அங்கே போனால் அண்ணியின் அடுப்படியில் சம்பளமில்லாத ஆளாகக் காலம் தள்ள வேண்டியதுதான் என்றாள் அம்மா. சித்திக்கு அங்கே போக விருப்பமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஓர் அறை எடுத்து, முன்பக்கம் ரொட்டிக் கடை போட்டுக்கொள்கிறேன் என்றாள். அங்கே கார் கம்பெனி வந்த புதிது. சாப்பாட்டுக்கு அலைகிற பையன்கள் நிறைய இருந்தார்கள்.

வீட்டில் கடைசி வார்த்தை பெரியப்பாவுடையது. எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கம்பெனிகளுக்கு மணலும் கம்பியும் ஏற்றி வந்த லாரிகள் நாங்கள் கபடி ஆடுகிற இடத்தில் வளைந்து திரும்பின. சுவர் கட்டப் பணம் சேர்ப்பதற்காக, ஒரு சனிக்கிழமை பள்ளியிலேயே தின்பண்ட விற்பனை என்று முடிவாகியிருந்தது. வீட்டுக்கு ஒரு பண்டம். பெரியப்பா சித்தியைக் கூப்பிட்டார்.

"உன் ரொட்டிய அங்க வித்துக் காட்டுமா. வித்துட்டன்னா அப்பால கடையப் பத்திப் பேசலாம்."

விற்காது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது படுகிறது. அன்றைக்கு எனக்கு அது ராஜா கதையில் வருகிற போட்டி மாதிரி இருந்தது. ஜெயித்தால் பாதி ராஜ்யம்.

செய்வது ஒன்றும் பிரமாதமில்லை. பச்சரிசியை இரவே ஊறவைத்து, மறுநாள் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு மைய அரைப்பாள். சர்க்கரை, ஏலக்காய், ஸ்ரீபெரும்புதூர் பேக்கரியில் கெஞ்சி வாங்கிய ஈஸ்ட். மாவு பொங்கியதும் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்து, எண்ணெய் தடவிய கனத்த பாத்திரத்தில் ஊற்றுவாள். கீழே கொஞ்சம் தணல், மூடியின் மேல் கொஞ்சம் தணல். அடுப்படியில் அம்மா அம்மன் திருவிழாப் பொங்கலுக்கான பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்ததால், சித்தி பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்கு அருகில் மூன்று செங்கல்லை வைத்துக்கொண்டாள்.

"இத்தவிட ஈஸி எதுவும் இல்ல. அங்க பக்கத்து வூட்டுப் பொம்பள இடுப்புல புள்ளைய வெச்சிகினே செய்வா, தெரியுமா?" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஊதினாள். சாம்பல் என் தலையில் விழுந்தது.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமைதான் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊரில் கறி, மீன், முட்டை கிடையாது. ஊர்க்காரர்கள் இரவு வெளியூரில் தங்கவும் கூடாது. சித்திக்குக் கறி நினைவிருந்தது, மீன் நினைவிருந்தது. நுரையாகிப் பொங்கி நின்ற அந்த வெள்ளை வஸ்துவும் முட்டைதான் என்பது மட்டும் உறைக்கவில்லை. ஈஸ்ட் வாங்கின கடையிலேயே முட்டையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் வகுப்புப் பெஞ்சுகள் மரத்தடியில் கடைகளாகின. வடை, சுண்டல், அதிரசம், முறுக்கு. கடைசிப் பெஞ்சில் சித்தி. முதலில் வந்தது பூசாரி வீட்டம்மா. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றவள் கண்ணை விரித்தாள்.

"இன்னாடி இது, பஞ்சாட்டம் கீது! இன்னா போட்ட?"

ஊருக்கு வந்த பிறகு சித்தியை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்ம அரிசியும் தேங்காவும்தாங்க்கா. வெள்ளக்கருவ மட்டும் நல்லா நுரைக்க அடிச்சி ஊத்தணும். அதுலதான் விஷயமே கீது."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"எதோட வெள்ளக்கரு?"

அதற்குள் சித்திக்கே புரிந்துவிட்டது. பூசாரி வீட்டம்மா குழாயடிக்கு ஓடினாள். "அடிப்பாவி, காப்புக் கட்டின ஊர்ல என் வாயில முட்டைய வெச்சிட்டியே!" என்று கத்துவதும் கொப்பளிப்பதுமாக இருந்தாள். கொப்பளிக்கும்போது வசவு நின்றது, துப்பியதும் தொடர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முறுக்குப் பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். "ஆப்பிரிக்காவுல ஆத்தாளுக்கு ஆம்லெட்டுதான் படைப்பாங்கபோல" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. பெரியப்பா ஒலிபெருக்கியில், "சுண்டல் சூடா கீது, சுத்த சைவம், நம்பி வாங்கலாம்" என்று அறிவித்தார்.

சித்தி ரொட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தாள். தோற்றுவிட்டோம் என்று எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. வாலாஜாபாத் பஸ் போகிற சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாலையில்தான் மூன்று மணி வாக்கில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்த பையன்கள் சாம்பல் நிறச் சட்டையோடு இறங்கினார்கள். எல்லாரும் தெற்குச் சீமைக்காரர்கள். பள்ளிக்குப் பின்னால் வரிசை வீடுகளில் அறைக்கு ஆறேழு பேராகத் தங்கியிருந்தார்கள். வாசனை பிடித்து வந்தவர்களிடம் சித்தி இம்முறை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"முட்ட போட்டுக்கீது தம்பி. ஊர்ல காப்புக் கட்டிக்கீது. சொல்லிட்டேன்."

"எங்களுக்கு யாருக்கா காப்புக் கட்டுனா?" என்றான் ஒருவன். "எங்க ஊர் அம்மனுக்குச் சித்திரையிலயே கொடத் திருவிழா முடிஞ்சிட்டுல்லா."

"முட்டையாக்கும்? ஏல, அப்ப எனக்கு ரெண்டு துண்டு" என்றான் பின்னால் நின்றவன்.

தின்று பார்த்த இன்னொருவன், "மெஸ்ஸுல போடுத சப்பாத்திய வச்சி லைன்ல போல்ட்டு முடுக்கலாம்க்கா. இத தெனமும் சாயந்தரம் ரூமுக்குக் கொண்டாந்து தருவியளா?" என்று கேட்டான்.

"கரிபு, கரிபு" என்று சித்தி வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, வாங்க வாங்க என்று அர்த்தம் என விளக்கினாள். அடுத்த நிமிடமே அவள் 'கரிபுக்கா' ஆகிவிட்டாள். "கரிபுக்கா, இங்க ஒண்ணு", "கரிபுக்கா, அவனுக்குக் குடுக்காதிய, துட்டு தரமாட்டான்." சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. முறுக்குப் பெஞ்சிலிருந்து எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியப்பா வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பொருக்குக்கூட மிச்சமில்லை.

"யாரு வாங்கினது?"

"கம்பெனிப் பசங்க மாமா. தெனமும் வேணுமாம்."

"ஓ" என்றார்.

பெரியப்பா கேட்ட அதே கேள்வியை, இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் நானும் கேட்டேன். எங்கள் குடியிருப்பில் காவலாளியின் மகளுடைய படிப்புக்காக ஒரு விற்பனை. என் மகள் கைபேசியில் எதையோ பார்த்து, ஆப்பிரிக்கத் தேங்காய் ரொட்டி, ரொம்ப ஈஸிம்மா என்று மைக்ரோவேவில் சுட்டு எடுத்துப் போனாள். மாலையில் காலித் தட்டோடு துள்ளிக்கொண்டு வந்தவளிடம், சந்தோஷப்படுவதற்கு முன்னால், "யாரெல்லாம் வாங்கினாங்க?" என்றுதான் என் வாயில் வந்தது. அவளுக்கு வயது பதினைந்து. எனக்குப் பயங்கள் அதிகம். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு உண்டான பதற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

பள்ளியில் விற்பனை நடந்த அன்று மாலை பெரியப்பா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"விக்காம இருந்தாகூட வூட்டோட ஒரு ஓரமா வெச்சிகினு இருக்கலாம்பா. வித்துட்டாளே."

அப்பா முனகலாக ஏதோ மறுத்தார்.

"இன்னாடா பேசற? நாளைக்கு அந்தப் பசங்க ரூம் வாசல்ல தட்டத் தூக்கிகினு நிப்பா. ஊர்ல எவன் வாய மூடுவ? காப்பு அவுக்கட்டும்."

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சித்தி விற்றுவிட்டாள், பெரியப்பா அதை ஒப்புக்கொண்டார், திருவிழா முடிந்ததும் கடை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். எங்கள் சித்தி கடையில் உங்களுக்கு ஓரத்துண்டு இலவசம் என்று இரண்டு பேருக்கு வாக்குக்கூடக் கொடுத்தேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சித்தியின் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாலாஜாபாத் என்றார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குப் பதிலாக ஏன் அங்கே என்று ஒரு நிமிடம் குழம்பினேன். வாலாஜாபாத்தில் பெரிய கடைத்தெரு உண்டு, வியாபாரத்துக்கு அதுதான் தோது என்று நானே சமாதானமும் கண்டுபிடித்தேன். அம்மா தூணோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆடிக் காற்றுத் தூசி அவளுக்கு எப்போதும் ஆகாது.

"சித்தி, கடைக்கு இன்னா பேரு வெக்கப் போற?" என்று கேட்டேன்.

சித்தி ஆட்டோவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலாகப் பார்த்தாள்.

"உங்க பெரியப்பாவத்தான் கேக்கணும்."

பெரியப்பா ஆட்டோவின் பின்னால் ட்ரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருப்பவர் அவர். அன்றைக்கு நிமிரவே இல்லை. கட்டி முடித்த முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்தார். நல்ல பெயராக யோசிக்கிறார், அவசரப்படுத்தக் கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்று காத்துக்கொண்டிருந்தேன்.